காணாமை எப்போது இன்மையாகும்?

ரேடியோ அலையால் இயக்கப்படும் மாதிரி விமானம் பறந்துகொண்டிருக்கும்போதே ஒரு நொடி சொன்னபடி கேட்காமல் போகிறது. இறக்கை தானாகச் சாய்கிறது. எஞ்சின் யாரும் கேட்காமலே முழங்குகிறது. அடுத்த நொடி எல்லாம் பழையபடி சரியாகிவிடுகிறது. தரையில் நிற்பவர் கண்டது இவ்வளவுதான். கட்டளையைச் சுமந்து சென்ற அலையை அவர் காணவில்லை. அதைக் கெடுத்தது எதுவோ அதையும் காணவில்லை. விமானத்தை இறக்கி, டிரான்ஸ்மிட்டரின் ஆற்றலைக் குறைத்து, முப்பது தப்படி விலகி நின்று சோதித்துப் பார்க்கிறார். இறக்கை, வால் பரப்புகளை அசைக்கும் சிறு மோட்டார்களான சர்வோக்கள் ஒழுங்காகத் திரும்புகின்றன. குறை எதுவும் தென்படவில்லை. தென்படவில்லை என்பதாலேயே குறை இல்லை என்று முடிவு கட்டலாமா? விமானத்தை மறுபடி ஏற்றலாமா?

காணப்படாத ஒன்றை இல்லை என்று சொல்ல எப்போது உரிமை உண்டு என்பது இந்திய மெய்யியலின் பழைய வழக்கு. உயிர் உண்டா, மறுபிறவி உண்டா, கடவுள் உண்டா என்ற வாதங்களெல்லாம் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து முட்டிக்கொண்டன. அந்த வழக்கை மீண்டும் விசாரிக்க மாதிரி விமானத்தின் ரேடியோ இடையூறு நல்ல இடம். கடவுளைப் பற்றிய வாதத்தில் கிடைத்த முடிவைச் சோதித்துப் பார்க்க எளிய வழி கிடையாது. இங்கே தவறான முடிவு சில நிமிடங்களில் தரையில் வந்து விழுகிறது.

மணிமேகலையின் 27-ஆம் காதையில், வஞ்சி நகரில் பல சமயத்தாரிடம் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள் மணிமேகலை. அங்கே அளவைவாதி, அறிவு பிறக்கும் வழிகளாகப் பத்து அளவைகளை எண்ணிக் காட்டுகிறான். கண்ணால் காண்பது அவற்றில் ஒன்றுதான். காட்டில் எழுந்த ஒலியைக் கேட்டு யானை உண்டென்று கொள்வதும், ஆற்றில் வரும் வெள்ளத்தைக் கண்டு எங்கோ மழை பெய்தது என்று அறிவதும் கருதலளவை. இரும்பு நாராசம் திரும்புவதைக் கண்டு அருகே காந்தம் இருக்கிறது என்று கொள்வதும் அந்தப் பத்தில் ஒன்று. ரேடியோவைப் பற்றிப் பேசுவோருக்கு இதைவிடப் பொருத்தமான பழைய எடுத்துக்காட்டு கிடைக்காது. கண்ணுக்குத் தெரியாத புலம், அதன் பிடியில் அசையும் இரும்பு, அசைவைப் பிடித்துக்கொண்டு காரணத்துக்குப் போகும் அறிவு என எல்லாம் அதில் இருக்கின்றன. சர்வோ துடிப்பதைக் கண்டு அலைக்கு ஏதோ நேர்ந்தது என்று கொள்பவர் செய்வதும் அதுவே.

அதே காதை அளவைபோலத் தோன்றி ஏமாற்றும் போலிகள் எட்டையும் சொல்கிறது. தேராது தெளிதல் அவற்றில் ஒன்று. ஆராயாமலே தெளிந்துவிட்டதாக எண்ணிக்கொள்வது அது. விமானம் விழுந்ததும் ‘இன்டர்ஃபியரன்ஸ்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் வழக்கம் உலகமெங்கும் பறக்கும் திடல்களில் உண்டு. அந்தச் சொல்லில் ஒரு வசதி இருக்கிறது. பழி வெளியிலிருந்து வந்த ஏதோ ஒன்றின்மேல் போய்விடுகிறது. பேட்டரியைச் சார்ஜ் செய்யாதவரும் கம்பி இணைப்பைச் சரிபார்க்காதவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. விமானமும் நொறுங்கிவிட்டதால் யாரும் மறுத்துப் பேச முடியாது. கண்டுணராமை என்பது இன்னொரு போலி. எதிரே இருப்பதைப் பார்த்தும் இன்னதென்று அறியாதிருத்தல். இடையூறைத் தேடுவோரை அதிகம் ஏமாற்றுவது இந்த இரண்டும்தான்.

காணாமையைப் பற்றி மிகத் தெளிவான விதியைத் தந்தவர் 7-ஆம் நூற்றாண்டுப் பௌத்த தருக்கர் தர்மகீர்த்தி. தரையில் குடம் இல்லை என்று ஒருவர் சொல்கிறார். அது அவருக்கு எப்படித் தெரியும்? வெளிச்சம் இருக்கிறது, கண் நன்றாக இருக்கிறது, தரை முழுதும் பார்வையில் படுகிறது. குடம் இருந்திருந்தால் தென்பட்டே தீரும். தென்படவில்லை, ஆகவே இல்லை. அதே தரையில் பிசாசு இல்லை என்று அதே உறுதியோடு சொல்ல முடியாது. பிசாசு இருந்தாலும் கண்ணுக்குப் படாதது என்று கொள்ளப்படுவதால், அது தென்படாமை எதையும் நிறுவாது. ஐயத்தைத்தான் மிச்சம் வைக்கும். மீமாம்சகரான குமாரிலர் காணாமையைத் தனி அளவையாகக் கொண்டார், நியாய மரபினர் அதைக் காட்சியோடு சேர்த்துக்கொண்டார்கள். அந்தச் சண்டையை இங்கே விட்டுவிடலாம். இருந்திருந்தால் தென்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை நிறைவேறினால்தான் காணாமை இன்மையைக் காட்டும் என்பதில் வேறுபாடு இல்லை.

சமய வாதங்களில் இந்த நிபந்தனை எவ்வளவு தூரம் வேலை செய்கிறது என்பதைச் சைவ சித்தாந்த நூல்களில் பார்க்கலாம். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் முதலாவதாக எடுத்துக்கொண்டு மறுப்பது, காட்சி ஒன்றே அளவை என்ற உலகாயதரை. உயிர் கண்ணுக்குப் படவில்லை, ஆகவே இல்லை என்று ஒருவர் வாதிட்டால், உயிர் கண்ணுக்குப் படும் வகையைச் சேர்ந்தது என்று அவர் முதலில் காட்டியாக வேண்டும். அதைக் காட்டாதவரை வாதம் நிற்காது. ஆனால் இதே நிபந்தனை ஆத்திகரையும் கட்டுப்படுத்துகிறது. காணாமை இன்மையை நிறுவாத இடத்தில் அது இருப்பையும் நிறுவிவிடுவதில்லை. உண்டு என்பதற்கு வேறு அளவை வேண்டும். சித்தாந்திகள் கருதலையும் ஆகமத்தையும் தனித்தனி அளவைகளாக நிறுத்தியதன் தேவை அங்கேதான் இருக்கிறது.

ரேடியோவுக்கு வரலாம். வால்ட்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் 1937-இல் அமெரிக்காவில் ‘கஃப்’ என்ற மாதிரி விமானத்தை ரேடியோவால் இயக்கினார்கள். அந்த விமானம் பின்னர் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்து வந்த தலைமுறைகள் அமெரிக்காவில் 72 மெகாஹெர்ட்ஸ் பட்டையையும் பிரிட்டனில் 35 மெகாஹெர்ட்ஸ் பட்டையையும் பயன்படுத்தின. அமெரிக்கப் பட்டையில் 72.01 முதல் 72.99 மெகாஹெர்ட்ஸ் வரை 50 சேனல்கள்; ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 20 கிலோஹெர்ட்ஸ். அலைநீளம் 4 மீட்டருக்குச் சற்று அதிகம். அதனால்தான் ரிசீவரிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளக் கம்பி வாலை நோக்கி ஓடியது. 2005-ஐ ஒட்டிய ஆண்டுகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டுகள் வரத் தொடங்கின. இவற்றின் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், ஆன்டெனாவின் உயிர்ப்பகுதி 3 சென்டிமீட்டர் அளவு. பட்டை மாறினாலும் தேடும் முறையில் உள்ள சிக்கல் மாறவில்லை.

பறக்கும் முன் செய்யும் ரேஞ்ச் செக்கில் பழைய செட்டுகளுக்கு டிரான்ஸ்மிட்டரின் நீள ஆன்டெனாவை மடக்கிவைத்துக்கொண்டு நடப்பார்கள். புதியவற்றில் ஒரு பொத்தான் ஆற்றலைக் குறைக்கிறது. வெட்டவெளியில் அலையின் வலிமை தூரத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறையும். எனவே ஆற்றலை ஆயிரத்தில் ஒன்றாக்கினால் எட்டும் தூரம் ஏறக்குறைய 32-இல் ஒன்றாகிறது. அப்படிக் குறைத்த நிலையில் 30 மீட்டர் எட்டும் செட், முழு ஆற்றலில் 950 மீட்டர் அளவுக்கு எட்டும் என்று கணக்குப் போடலாம். அறுந்த ஆன்டெனா, கேட்கும் திறன் மங்கிய ரிசீவர், ஆற்றல் குன்றிய டிரான்ஸ்மிட்டர் ஆகியவை இந்தச் சோதனைக்குக் குடங்கள். இருந்தால் தென்பட்டே தீரும். தென்படாவிட்டால் இல்லை என்று துணிந்து சொல்லலாம். ஆனால் எஞ்சினை அணைத்துவிட்டுச் செய்யும் ரேஞ்ச் செக்குக்கு எஞ்சின் எழுப்பும் இரைச்சல் பிசாசு. அந்தச் சோதனை எத்தனை முறை வெற்றி பெற்றாலும் இரைச்சலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நூறு முறை செய்தாலும் ஒரு முறை செய்தாலும் அதன் மதிப்பு ஒன்றுதான்.

நல்ல தேடல் என்பது பிசாசுகளை ஒவ்வொன்றாகக் குடங்களாக்குவது. பெட்ரோல் எஞ்சினின் தீப்பொறி அகலமான பட்டையில் இரைச்சலை எழுப்புகிறது. மின்மோட்டாரும் அதன் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் தம் வழியில் எழுப்புகின்றன. இவற்றைத் தென்பட வைக்க வேண்டுமானால் விமானத்தை ஒருவர் பின்னாலிருந்து உறுதியாகப் பிடித்துக்கொள்ள, எஞ்சினை ஓடவிட்டு, குறைந்த வேகத்திலும் நடுவேகத்திலும் முழு வேகத்திலும் ரேஞ்ச் செக்கைத் திரும்பச் செய்ய வேண்டும். எஞ்சின் நின்றபோது எட்டிய தூரம் எஞ்சின் ஓடும்போது வெகுவாகக் குறைந்தால் காரணம் விமானத்துக்குள்ளேயே இருக்கிறது. உலோகக் கம்பியின் முனை உலோகக் கையில் தளர்வாக மாட்டியிருந்தால், அதிர்வில் அவை உரசும் ஒவ்வொரு முறையும் சிறு இரைச்சல் எழும். த்ராட்டில் இணைப்பில் பழைய 72 மெகாஹெர்ட்ஸ் செட்டுகளை இது மிகவும் தொல்லைப்படுத்தியது. ஒரு முனையில் நைலான் கொக்கி போட்டால் அடங்கிவிடும். எஞ்சின் ஓடாதபோது உரசல் கிடையாது. ஆகவே மேசையில் வைத்து எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் குறை தென்படாது.

ஆன்டெனா மறைப்பும் இப்படித்தான். நேர்க்கம்பி ஆன்டெனா தன் முனை நோக்கும் திசையில் மிகக் குறைவாகவே அலை வீசுகிறது, அந்தத் திசையிலிருந்து மிகக் குறைவாகவே வாங்குகிறது. டிரான்ஸ்மிட்டரின் முனையை விமானத்தை நோக்கி நீட்டக்கூடாது என்பதும், 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரின் இரண்டு ஆன்டெனாக்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைக்க வேண்டும் என்பதும் இதனால் வந்த விதிகள். கார்பன் இழையால் செய்த உடல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மறிக்கும். பேட்டரியும் எஞ்சினும் தங்கள் பின்னால் நிழல் போடும். தரையில் நேராக நிற்கும் விமானம் தன் ஒரு பக்கத்தை மட்டுமே டிரான்ஸ்மிட்டருக்குக் காட்டுகிறது. வானத்தில் அது வயிற்றையும் முதுகையும் மூக்கையும் வாலையும் காட்டும். எனவே ரேஞ்ச் செக்கின்போது விமானத்தைத் தூக்கி எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்ட ஒருவர் வேண்டும். அந்தக் கூடுதல் ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிப்பவர்கள் அதிகம். மிச்சம் பிடித்த அளவுக்கு அவர்களுடைய ‘சரியாக இருக்கிறது’ என்ற சொல் பொருளிழந்து போகிறது.

கருதலுக்கு அடிப்படை இரண்டு பொருள்கள் எப்போதும் சேர்ந்தே வரும் தொடர்பு. நியாய நூல்கள் அதை வியாப்தி என்கின்றன. ஜான் ஸ்டூவர்ட் மில் 1843-இல் வெளியிட்ட தருக்க நூலில் காரணத்தைக் கண்டுபிடிக்க வகுத்த முறைகளும் இந்தத் தொடர்பைத்தான் துருவுகின்றன. ஒன்று இருக்கும்போது மற்றதும் இருக்கிறதா, ஒன்று விலகும்போது மற்றதும் விலகுகிறதா, ஒன்று கூடக் கூட மற்றதும் கூடுகிறதா? விமானத் திடலில் இந்தக் கேள்விகள் மிகவும் நடைமுறையானவை. கட்டுப்பாடு நழுவும்போதெல்லாம் விமானம் திடலின் ஒரே மூலையில் இருந்தால் ஐயம் அந்த இடத்தின்மேல், அங்குள்ள கட்டடம், கோபுரம், எதிரொலிப்புகளின்மேல் விழ வேண்டும். எந்த மூலையானாலும் வாலைக் காட்டி விலகிச் செல்லும்போது மட்டும் நழுவினால் ஆன்டெனாவின்மேல் விழ வேண்டும். எல்லா ஸ்டிக்குகளையும் ஒரே சமயத்தில் வேகமாக அசைக்கும்போது நழுவினால் மின்வழங்கல்தான் முதல் குற்றவாளி. வேறொருவர் தம் டிரான்ஸ்மிட்டரைப் போட்ட கணத்தில் நழுவினால் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே சேதமான பாகங்களைப் பொறுக்குவதற்கு முன், எந்த இடம், எந்தத் திசை, எந்த அசைவு என்று அருகில் நின்று பார்த்தவர்களிடம் கேட்டு எழுதிவைப்பது முதல் வேலை. பாகங்கள் காத்திருக்கும், நினைவு மாறிவிடும்.

தொடர்பு இருப்பதாகத் தோன்றுவதாலேயே அது உண்மைத் தொடர்பாகிவிடாது என்ற எச்சரிக்கையும் நியாய மரபில் உண்டு. நெருப்பு இருக்குமிடத்திலெல்லாம் புகை இருக்கும் என்று ஒருவர் சொன்னால் அது தவறு. பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்புண்டு, புகை கிடையாது. புகைக்கு ஈர விறகு வேண்டும். கண்ணில் படாமல் ஒளிந்திருந்து வேலை செய்யும் இத்தகைய நிபந்தனைக்கு உபாதி என்று பெயர். இடையூறைத் தேடுவோர் அன்றாடம் சந்திப்பது இதைத்தான். ரிசீவரின்மேல் ஐயம்; கழற்றிவிட்டுப் புதியது மாட்டினார்கள்; குறை போயிற்று. ‘ரிசீவர் கெட்டுவிட்டது’ என்று பழையதைத் தூக்கி எறிகிறார்கள். ஆனால் ரிசீவரை மாற்றியவர் ரிசீவரை மட்டும் மாற்றவில்லை. பேட்டரி பிளக்கை உருவிச் செருகினார். அதன் பின்களில் படிந்த துரு செருகும்போது உரசிப் போயிருக்கும். சர்வோ ஒயர்களை வேறு விதமாக மடித்து வைத்தார். ஆன்டெனா ஒரு விரற்கடை நகர்ந்தது. குறையைப் போக்கியது இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். உண்மையை அறிய ஒரே வழி பழைய ரிசீவரைத் திரும்ப மாட்டுவது. குறை திரும்பி வந்தால் குற்றம் ரிசீவருடையது. வராவிட்டால் குற்றவாளி இன்னும் விமானத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. சரியாகிவிட்ட பொருளைத் திரும்பக் கெடுத்துப் பார்க்க யாருக்கும் மனம் வருவதில்லை. தருக்கம் கேட்பது அதைத்தான். பியேர் டுயெம் 1906-இல் இயற்பியல் கோட்பாட்டைப் பற்றி எழுதிய நூலில் சொன்னதும் இதற்கு நெருங்கியது. சோதனை ஒருபோதும் ஒரு கருத்தைத் தனியே சோதிப்பதில்லை, கருத்துகளின் தொகுப்பு ஒன்றையே சோதிக்கிறது.

தேராது தெளிதலுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்த தொடக்க ஆண்டுகளில் கிடைத்தது. புதிய செட்டுகளோடு பறந்த சில விமானங்கள் சில நொடிகள் முற்றாகக் கட்டுப்பாட்டை இழந்து விழுந்தன. பலரும் ரேடியோ இடையூறு என்றார்கள். நெட்வொர்க் கருவிகளும் அதே பட்டையில் இருப்பதால் அந்த விளக்கம் இயல்பாகத் தோன்றியது. ஆனால் பல நேர்வுகளில் அலைக்கு ஒன்றும் நேரவில்லை. நான்கு செல் பேட்டரி ஒன்று வலுவான டிஜிட்டல் சர்வோக்கள் பலவற்றைத் தாங்க முடியாமல் திணறியது. எல்லா சர்வோக்களும் ஒரே நேரத்தில் இழுத்தபோது வோல்டேஜ் ஒரு கணம் சரிந்தது. பழைய ரிசீவர் அந்தச் சரிவைத் தாங்கிக்கொண்டு அடுத்த கணமே வேலை செய்யும். புதியதற்குள் ஒரு நுண்செயலி இருந்தது. வோல்டேஜ் ஓர் எல்லைக்குக் கீழே போனால் அது அணைந்து, மறுபடி விழித்து, தன் டிரான்ஸ்மிட்டரைத் தேடிப் பிடிக்கச் சில நொடிகள் எடுத்துக்கொண்டது. தாழப் பறக்கும் விமானத்துக்கு அவ்வளவு நேரம் கிடையாது. தரையில் அளந்தால் வோல்டேஜ் சரியாகவே காட்டும், ஏனென்றால் தரையில் சர்வோக்களுக்குச் சுமை இல்லை. குறையைத் தென்பட வைக்க, எல்லாப் பரப்புகளையும் ஒரே நேரத்தில் அசைத்து, கையால் சற்று எதிர்த்துப் பிடித்துக்கொண்டே வோல்டேஜைப் பார்க்க வேண்டும். சில ரிசீவர்கள் நடுவில் மின்சாரம் தடைப்பட்டிருந்தால் இறங்கிய பிறகும் தம் சிறு விளக்கைச் சிமிட்டிக் காட்டின. சிமிட்டும் விளக்கைப் பார்த்துவிட்டும், அது சொல்வது இன்னதென்று தெரியாமல் சுவிட்சை அணைத்துவிட்டவர்கள் உண்டு. கண்டுணராமை என்று மணிமேகலை சொல்வதற்கு இதைவிட நெருங்கிய உருவம் தேட வேண்டியதில்லை.

கருவியே குறியை மறைத்துவிடும் நிலையும் உண்டு; மெய்யியல் நோக்கில் இது எல்லாவற்றிலும் கவலைக்குரியது. பழைய எளிய முறையில் குறியீடாக்கிய செட்டுகளில் அலை கெட்டால் சர்வோ துடிக்கும். இறக்கை நடுங்குவதைப் பார்த்து ஏதோ சரியில்லை என்று தெரிந்துகொண்டு உடனே இறக்கிவிடலாம். பிறகு வந்த பி.சி.எம். முறையும் இன்றைய டிஜிட்டல் முறைகளும் வரும் கட்டளையைச் சரிபார்த்து, கெட்டதைத் தள்ளிவிட்டுக் கடைசியாக வந்த நல்ல கட்டளையையே தொடர்கின்றன. பறப்பு மிகவும் சீராகிறது. அதேநேரம் எச்சரிக்கையும் போய்விடுகிறது. பத்தில் நாலு கட்டளை கெட்டுப்போனாலும் ஸ்டிக்கைப் பிடித்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. எல்லாம் கெட்டுப்போகும் கணத்தில்தான் தெரியும். புகை தெரியாதபடி நெருப்பை மூடிவைத்தால், புகையிலிருந்து நெருப்புக்குப் போகும் கருதல் வழி அடைபடுகிறது. மூடியது நல்ல நோக்கத்தோடுதான் என்றாலும் அடைபட்டது அடைபட்டதே. இதற்கு மாற்றாக வந்தது, எத்தனை கட்டளைகள் தவறின, எந்த ஆன்டெனா எத்தனை முறை இழந்தது என்று எண்ணிவைக்கும் பதிவுக் கருவி. அதை வாங்கிப் பொருத்திவிட்டு ஒவ்வொரு பறப்புக்குப் பின்னும் படிக்காமல் விடுவது, பிசாசைக் குடமாக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வதற்குச் சமம்.

ஒருவர் தாமே எந்தச் சோதனையாலும் அறிய முடியாதவையும் இருந்தன. 72 மெகாஹெர்ட்ஸ் காலத்தில் ஒரே சேனலில் இருவர் டிரான்ஸ்மிட்டரைப் போட்டால் வானத்திலிருக்கும் விமானம் விழும். அதைத் தடுக்கத் திடலில் ஒரு பலகை இருந்தது. சேனல் எண் எழுதிய பின்னை எடுத்து வந்தவர் மட்டுமே தம் செட்டைப் போடலாம். இங்கே விமானத்தைக் காத்தது பிறர் சொல்லின் மேலுள்ள நம்பிக்கை. காட்சியும் கருதலும் எட்டாத இடத்தில் நம்பத்தக்கவர் உரையே அளவை என்ற பழைய கொள்கைக்கு இது ஒரு சிறு சான்று. எப்போது நம்பத்தக்கவர் என்று கொள்வது என்ற கேள்வியும் அதோடு சேர்ந்தே வருகிறது. எல்லாரும் விதியைக் காத்த திடலில் உரை அளவையாயிற்று. ஒருவர் காக்காவிட்டாலும் போலியாயிற்று.

எல்லாரும் விதியைக் காத்தும் விமானம் தடுமாறிய நேர்வுகள் இன்னும் ஆழமானவை. சேனல் எண்களில் 23 இடைவெளி உள்ள இருவர் ஒரே நேரத்தில் பறக்கவிடுகிறார்கள் என்று கொள்ளலாம். அவர்களின் அலைகளுக்கு இடையேயுள்ள வேறுபாடு 460 கிலோஹெர்ட்ஸ். பல ரிசீவர்கள் தமக்குள் பயன்படுத்திய இடைநிலை அதிர்வெண் 455 கிலோஹெர்ட்ஸ். இரண்டும் மிக அருகில் இருப்பதால், இருவர் அலையும் சேர்ந்து மூன்றாமவரின் ரிசீவருக்குள் புகுந்து குழப்ப முடியும். தனித்தனியே சோதித்தால் மூவர் செட்டிலும் குறை கிடையாது. முதலாமவர் காரணமா என்றால் இல்லை, இரண்டாமவர் காரணமா என்றால் இல்லை. நியாய நூலார் காரணக் கூட்டம் என்ற கருத்தை வகுத்தது இதுபோன்ற இடங்களுக்காகத்தான். விளைவைத் தருவது கூட்டம் முழுவதும். அதில் ஒன்று குறைந்தாலும் விளைவு இல்லை. ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்கும் முறையில் தேறியவர்களும் இங்கே தடுமாறுவார்கள், ஏனென்றால் யாரை நீக்கினாலும் குறை போய்விடும்; நீக்கப்பட்டவரே குற்றவாளி என்று தோன்றும். அன்று அந்தத் திடலிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் குற்றமற்றவராக இருக்கலாம். விமானம் தன் டிரான்ஸ்மிட்டரைவிட்டு விலகி, மற்ற இருவருக்கு அருகே தாழப் பறக்கும்போது குழப்பம் கூடும் என்பதைக் கவனித்தவர்கள்தான் இதைப் பிடித்தார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டுகள் ஒவ்வொன்றும் தன் டிரான்ஸ்மிட்டரின் அடையாளத்தை மட்டுமே கேட்பதால் பின் பலகையும் இந்தக் கணக்கும் பெரும்பாலும் வழக்கொழிந்தன.

இவ்வளவு சோதித்தும் காரணம் அகப்படாமல் போகலாம். எப்போதோ ஒருமுறை வரும் குறைகளே மிகக் கடினம். விரிசல் விட்ட கிரிஸ்டல் ஒரு குறிப்பிட்ட அதிர்வில் மட்டும் பிசகும். பேட்டரியின் கறுப்பு ஒயருக்குள் செம்பு அரித்துப்போய், குறைந்த மின்னோட்டத்தைக் கடத்தி அதிக மின்னோட்டத்தில் கைவிடும். எத்தனை சோதனைக்குப் பின் ‘இல்லை’ என்று சொல்லலாம்? டேவிட் ஹியூம் 1748-இல் எழுதிய விசாரணை நூலில் காட்டியபடி, இதுவரை சேர்ந்தே வந்தவை இனியும் சேர்ந்தே வரும் என்பதற்குத் தருக்க உறுதி கிடையாது. இதே ஐயத்தை உலகாயதர்களாகிய சார்வாகர்கள் முன்பே எழுப்பியிருந்தார்கள். கடவுள் உண்டென்று நிறுவ நியாயகுசுமாஞ்சலி எழுதிய உதயணர் அதற்குத் தந்த விடை இன்றும் மதிப்புடையது. ஐயத்துக்கு எல்லை உண்டு, ஐயப்படுபவரின் செயலோடு அது முரண்படும் இடமே அந்த எல்லை என்பது அவர் கருத்து. நெருப்பு புகையைத் தருமா என்று ஐயப்படுபவர் புகை வேண்டியபோது நெருப்பைத்தான் மூட்டுகிறார். 12-ஆம் நூற்றாண்டில் ஸ்ரீஹர்ஷர் இந்த விடையை எதிர்த்தார். முரண்பாடு தெரிவதற்கே ஐயம் முன்னதாக இருக்க வேண்டுமே, அது எப்படி ஐயத்தை ஒழிக்கும் என்பது அவர் கேள்வி. அறிவின் உறுதியைப் பொறுத்தவரை ஸ்ரீஹர்ஷர் சொல்வது சரி என்றே தோன்றுகிறது. செயலின் நியாயத்தைப் பொறுத்தவரை உதயணர் பக்கமே நிற்க வேண்டியிருக்கிறது. அறியக்கூடிய குறைகளையெல்லாம் தென்படவைக்கும் சோதனைகளைச் செய்து முடித்தவர், மிச்சமிருக்கும் ஐயத்தை வைத்துக்கொண்டே பறக்கவிடலாம். அந்தச் சோதனைகளைச் செய்யாதவருக்கு அதே ஐயத்தின்மேல் அந்த உரிமை இல்லை.

உதயணரின் விடையில் ஓர் இடைவெளி உண்டு. அவர் சொல்லும் செயல் ஐயப்படுபவரின் சொந்தச் செயல். விளைவும் அவரையே சேரும். மாதிரி விமானம் பிறர் தலைக்கு மேலும் பறக்கிறது. தம் விமானத்தை இழக்கத் துணிந்தவர் பிறர் உடம்பைப் பணயம் வைக்கத் துணிய முடியாது. எனவே அவர் தம் ஐயத்துக்கு எல்லை கட்டும்போது, அந்த எல்லையைப் பிறர் சார்பில் இன்னும் தள்ளி வைக்க வேண்டியிருக்கிறது. ரிசீவர்களில் ஃபெயில்சேஃப் என்ற ஏற்பாடு இதற்காக அமைந்தது. காரணம் எதுவாக இருந்தாலும், அலை அற்றுப்போனால் எஞ்சின் அடங்கி, பரப்புகள் முன்னரே குறித்த நிலைக்குப் போக வேண்டும். எது கெட்டது என்று அது ஆராய்வதில்லை. அறியாமையை ஒப்புக்கொண்டு அதற்குள் குறைந்த கேடு எதுவோ அதைச் செய்கிறது. அதுவும் சோதிக்கப்படாதவரை பிசாசுதான். பல ரிசீவர்களில், அவற்றை டிரான்ஸ்மிட்டரோடு பிணைக்கும்போது ஸ்டிக் எங்கே இருந்ததோ அதுவே ஃபெயில்சேஃப் நிலையாகப் பதிவாகிவிடும். த்ராட்டில் பாதியில் இருந்திருந்தால் அலை அறும்போது எஞ்சின் பாதி வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே ரிசீவரை மாற்றிய ஒவ்வொரு முறையும், செட்டைப் புதிதாகப் பிணைத்த ஒவ்வொரு முறையும், மின்மோட்டார் விமானமானால் ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, எஞ்சின் விமானமானால் ஒருவர் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, டிரான்ஸ்மிட்டரை அணைத்து, த்ராட்டில் உண்மையிலேயே அடங்குகிறதா என்று தரையில் பார்த்த பிறகே விமானத்தை ஏற்ற வேண்டும்.